முன் பெஞ்சின் எண்ணெய்க் கறை

மாரிகுப்பம் சர்ச்சில் நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு முன்னாலுள்ள பெஞ்சின் மேல்விளிம்பில் ஓர் எண்ணெய்க் கறை இருக்கிறது. என் அண்ணியின் நெற்றி பட்டுப் பட்டு உண்டானது. போன வருடம் ஞாயிறுதோறும், மற்றவர்கள் பாட எழுந்தபோதுகூட, அவர் முன்னால் குனிந்து அதில் நெற்றியைச் சாய்த்தபடியே இருந்தார். அண்ணிக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அம்மாவிடம் நான் கேலி பேசினேன்.

அண்ணிக்குக் கை மூட்டுகளில் முடக்குவாதம். காலையில் விரல்கள் வீங்கி, டம்ளரைப் பிடிக்கவே சிரமப்படுவார். அது எங்களுக்குப் பழகிவிட்டிருந்தது. ஆனால் நெஞ்சும் வலிக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் ஊரில் நெஞ்சு நோய் என்றால் அது சுரங்கத் தூசி தின்ற ஆண்களுடையது. என் அப்பா அதில்தான் மூச்சுக்குத் தவித்துச் செத்தார். அப்பாவின் வலியில் அண்ணி பங்கு கேட்பதுபோல எனக்குப் பட்டது. சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "இன்னா அண்ணி, நெஞ்சு வலிக்கிறதுக்கு நீங்க சுரங்கத்துல எந்த லெவல்ல ஷிப்ட் பாத்தீங்க?" அண்ணன்கூடச் சிரித்தான். அண்ணியும் சிரித்தார். அதன்பிறகு வலியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

ஒரு காலை, பெங்களூர் ரயிலுக்குக் கிளம்பிய என்னிடம் சாப்பாட்டு டப்பாவை நீட்டியவர், மூச்சு வாங்கி அப்படியே சரிந்தார். மூட்டைத் தாக்கும் அதே நோய்தான் இதயத்தையும் தொட்டிருக்கிறது என்றார் டாக்டர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அதன்மேல் பாய்ந்து, இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்துவிட்டதாம். "படுத்தா வலி அதிகமாகும், முன்னால குனிஞ்சா கொஞ்சம் கொறையும். இவங்க அப்படி உக்காந்தத யாரும் பாக்கலையா?" என்று கேட்டார். பார்த்தவள் நான். ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி அண்ணியே சொன்னார்: "ரெண்டு நாளாத்தான் டாக்டர். நான் யாருகிட்டயும் சொல்லல."

நீரை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். மாத்திரைகளோடு இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து பாடுகிறார். நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. போன ஞாயிறு, வெட்கம் தாங்காமல் அந்தக் கறைமேல் நெற்றியை வைத்துக்கொண்டேன். வளைந்த விரல்கள் என் முதுகைத் தொட்டன.

"இன்னாடி, நெஞ்சு வலிக்குதா? மறைக்காத, சொல்லு."