பதினைந்தாவது பிள்ளை

தமிழ்ப் பள்ளிக்கூட வேலையில் பாடம் சொல்லிக் கொடுப்பது சுலபம். சொல்லிக் கொடுக்கப் பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு. என்னைப்போல ஆறாவது மட்டும் படித்துவிட்டுத் தற்காலிக டீச்சராக இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருஷம், மலாக்கா டவுனில் காஜா பெராங்கில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பதினாலு பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். பதினைந்து இல்லாவிட்டால் வகுப்பு கிடையாது, எனக்கு வேலையும் கிடையாது என்றார் பெரிய வாத்தியார். என் வீட்டுக்காரர் லோரியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து படுத்திருந்த சமயம் அது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. டிசம்பர் லீவில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதினைந்தாவது பிள்ளையைத் தேடி இறங்கிவிட்டேன்.

கிளேபாங்கில் கிடைத்தது

முதல் வீட்டு வாசலில், எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் பையின் காதைத் திருகிக்கொண்டு நின்றேன். புது ஆளிடம் பேச வேண்டுமென்றால் எனக்கு அப்படித்தான். அந்த அம்மா என்னையும் குழந்தையையும் மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய்ப் பால் டின் நிறைய அரிசி கொண்டுவந்து என் பையில் கொட்டினார். நான் டீச்சர் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"பக்கத்து வீட்டுலயும் கேளும்மா, அவங்களும் இல்லேன்னு சொல்ல மாட்டாங்க."

தோட்டத்தில்

குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டம் நான் பிறந்து வளர்ந்தது. கல்யாணமாகி டவுனுக்கு வந்த நாளிலிருந்து, ரப்பர் ஷீட் காய்கிற அந்த நாற்றத்துக்குக்கூட ஏங்கியிருக்கிறேன். நம் ஜனங்கள், நம்மைக் கைவிட மாட்டார்கள் என்று பஸ் ஏறினேன். அங்கே பள்ளிக்கூடத்தை மூடி ஆறு மாசமாகியிருந்தது. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பச்சையம்மாளின் மகள் வாசலில் கோழி விரட்டிக்கொண்டிருந்தாள். "டவுனுக்கு அனுப்புடி, நான் பார்த்துக்கிறேன்" என்று கையைப் பிடித்துக் கேட்டேன். பச்சையம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

"நீயும் நானும் ஒண்ணாத்தானடி படிச்சோம்? நான் மத்தியானத்துக்குள்ள ரப்பர் பால் ஊத்திட்டு வந்து காலை நீட்டிப் படுத்துடறேன், நீ வாத்திச்சியாகி வெயில்ல அலையறே!"

அடுத்த தெருக்காரர்

மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். கோயிலில் மைக் பிடித்தால் தமிழ், தமிழ் என்று தொண்டை கட்டப் பேசுகிற மனுஷர். பிள்ளைகளை அவரே கூப்பிட்டுக் கொடுப்பார் என்று நம்பிப் போனேன்.

"தமிழை நாங்க வீட்டுல வளர்த்துக்கறோம்மா, பிள்ளைங்களை இங்கிலீஷ் ஸ்கூல்ல போட்டாச்சு."

கம்போங் செட்டி

கடைசியில் கம்போங் செட்டிக்குள் நுழைந்தேன். நிலைப்படியில் மாவிலைத் தோரணம், வீட்டம்மா நெற்றியில் விபூதி, பெயர் மீனாட்சி. பிறகென்ன! அவர் சேலை கட்டாமல் மலாய்க்காரப் பெண்கள் மாதிரி கெபாயா உடுத்தியிருந்ததை நான் யோசிக்கவே இல்லை. கூச்சம் விட்டு, தமிழின் பெருமையைக் கால்மணி நேரம் பேசித் தீர்த்தேன். என் ஆயுசில் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார், தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தார். எல்லாம் முடிந்ததும், இதையே மலாயில் சொல்ல முடியுமா, ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை என்று மலாயில் கேட்டார். மலாக்காச் செட்டிமார் நம் சாமியைக் கும்பிட்டாலும் தலைமுறை தலைமுறையாக மலாய்தான் பேசுகிறவர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அழுகை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஓட்டை மலாயில், "ஒரு பிள்ளை வேணும், இல்லேன்னா எனக்கு வேலை இல்லை" என்று இரண்டே வரி சொன்னேன். அவர் மகள் தெய்வானையை அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். டீச்சரை மலாயில் அழைக்கிற மாதிரி 'சிக்கு' என்று கூப்பிட்டு, காரணமும் மலாயில்தான் சொன்னார்.

"கோயில் ஐயர் எங்களை வாழ்த்துறாரா வையறாரான்னு வீட்டுல ஒரு ஆளுக்காவது விளங்கட்டும், சிக்கு."

பெரிய வாத்தியார் அறையில்

ஜனவரியில் தெய்வானை வந்தாள். வருகைப் புத்தகத்தில் பதினைந்தாவது பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் பெரிய வாத்தியார் கூப்பிட்டனுப்பினார். வேலையை நிரந்தரமாக்கப் போகிறார் என்று நினைத்து, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். என்னைப் பாராட்டி உட்காரச் சொன்னார்.

"முழு வகுப்புன்னா பயிற்சி எடுத்த ஆளைத்தான் போடணும், கேட்டு எழுதினேன், திங்கக்கிழமை வந்துடறார், நீங்க இனிமே நிம்மதியா வீட்டுல இருந்து குழந்தையைப் பாருங்கம்மா."

பதினாலு பேரோடு விட்டிருந்தாலும் வேலை போயிருக்கும்தான், ஆனால் ஒரு ஜோடிச் செருப்பாவது தேயாமல் மிஞ்சியிருக்கும்.