ஆமைக்கு நேர்ந்த தகடு

இதை எழுதலாமா, எழுதினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பொம்பளை எழுதுகிற சங்கதியா இது என்ற கூச்சம் வேறு. போன ஆடியில் இருக்கன்குடி மாரியம்மன் முன்னால் நின்றபோது, இனியும் மறைப்பது சரியில்லை என்று தோன்றிவிட்டது.

அப்போது விஸ்வநத்தத்தில் குடியிருந்தோம். அப்பா பட்டாசுக் கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அம்மா அதே கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள். மதுரையில் மீன்தொட்டிக் கடையில் வேலை பார்த்த மாமா, எனக்கு ஆறு வயதிருக்கும்போது, காதோரம் சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமை ஒன்றைக் கொண்டுவந்தார்.

"வீட்டுக்குள்ள ஆமையா? வெளங்குமா?" என்று அம்மா குதித்தாள்.

"பெருமாளே எடுத்த அவதாரம்க்கா" என்று மாமா ஒரே போடாகப் போட்டார்.

வந்தது வெள்ளிக்கிழமை என்பதால் லட்சுமி என்று பெயராயிற்று. வாராவாரம் ஓட்டில் மஞ்சள் குங்குமம் வைத்தோம். மூன்று வருஷத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்துவிட்டது.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. கம்பெனியில் கொடுத்த பரிசுப் பெட்டியில் மிச்சமிருந்த பாம்பு மாத்திரைகளை, அம்மாவுக்குத் தெரியாமல் துவைகல்லில் வைத்துக் கொளுத்தினேன். பற்றவைத்தால் சின்ன மாத்திரைக்குள்ளிருந்து கருப்பாய் ஒரு பாம்பு நெளிந்து நெளிந்து வளருமே, அதுதான். பக்கத்திலேயே லட்சுமியின் தொட்டி. ஒன்பது கொளுத்தினேன். பத்தாவதைக் காணோம்.

சாயங்காலம் தண்ணீர் மாற்ற லட்சுமியைத் தூக்கினேன். வாலுக்கு அடியிலிருந்து கருப்பாய், தடிப்பாய் ஒன்று வெளியே வந்து விரிந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. காணாமல் போன மாத்திரை லட்சுமியின் வயிற்றுக்குள் பற்றிக்கொண்டது! எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் சொல்லித்தருவது நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றத்தான். வாளித் தண்ணீரை அப்படியே அதன்மேல் கவிழ்த்தேன்.

சத்தம் கேட்டு வந்த அம்மா, "ஆத்தாடி, குடல் வெளிய வந்துருச்சே!" என்று அங்கனயே இருக்கன்குடி திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். வயிறு உருவம் அடித்த தகடு செலுத்துவதாக நேர்ந்துகொண்டாள். உடம்பில் எந்த இடம் சுகமாகிறதோ அதன் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி அம்மனுக்குப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சற்று நேரத்தில் அது தானாக உள்ளே போனது. மறுநாள் காலையில் மறுபடியும் வந்தது.

அப்பா ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு பார்த்தார். அந்த வருஷம் அவர் அப்படித்தான் நின்றார். கேட்டால் "வாயு" என்பார். "மாட்டாஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். வாளியில் லட்சுமியை வைத்து டவுன் பஸ்ஸில் போனோம். லட்சுமி சாகப்போவது என்னால்தான் என்று வழியெல்லாம் அழுதேன்.

டாக்டர் ஆமையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாருய்யா இதுக்கு லட்சுமின்னு பேர் வச்சது?"

"வெள்ளிக்கிழமைல வந்துச்சு சார்" என்றேன்.

"வெள்ளிக்கிழமைல வந்தா பொம்பளையா? முன்னங்கால் நகம் எம்புட்டு நீளம், வால் எம்புட்டுத் தடிப்பு பாருங்க. இது ஆம்பளை ஆமை. நீங்க பாத்தது குடலும் இல்ல, கட்டியும் இல்ல. அதோட ஆண் உறுப்பு. கருப்பா, பெருசாத்தான் இருக்கும். அப்பப்ப வெளிய நீட்டும், தானா உள்ள போயிரும். சீக்கில்ல."

"பாம்பு மாத்திரை தின்னுருச்சு சார்" என்று தேம்பினேன். அவர் சிரிக்காமல் லட்சுமியின் வாயைத் திறந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. வீட்ல போயி துவைகல்லுக்கு அடியில தேடு. எதுக்கும் ரெண்டு நாள் இரை எடுக்குதான்னு பாரு."

அப்பா மெதுவாகக் கேட்டார், "அப்ப எதுக்குத்தான் சார் பயப்படணும்?"

"வெளிய வந்தது ஒரு மணி நேரமாகியும் உள்ள போகாம நின்னா பயப்படணும். வீங்கினாலும், காஞ்சாலும், ரத்தம் வந்தாலும் ஈரத்துணியப் போட்டு மூடி நேரா இங்க வந்துரணும். நீங்களா அமுக்கித் தள்ளிக்கிட்டு வெக்கம் பாத்து வீட்ல இருந்தா உயிருக்கே ஆபத்து."

அப்பாவின் கை அடிவயிற்றுக்குப் போனது. "வாளியத் தூக்கிட்டு வெளிய நில்லு புள்ள" என்றார்.

ஜன்னல் வழியாக டாக்டர் குரல் கேட்டது. "எத்தனை மாசமாய்யா இப்படி? இது மாட்டு டாக்டர் பாக்குற சோலி இல்ல. நாளைக்கே விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

வாளியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நல்லா இருக்கு என்று பொய் சொல்லிவிட்டு, லட்சுமியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறார்கள்!

வீட்டில் அப்பா அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் இன்னொன்றும் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது.

பத்தாவது மாத்திரை துவைகல் இடுக்கில் கிடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை லட்சுமிக்குக் குங்குமம் இல்லை, நாமம் போட்டார்கள். பெயரும் பெருமாள் என்று மாறிவிட்டது. ஏனென்று யாரும் சொல்லவில்லை. அப்பா வெளியூர் லோடுக்குப் போயிருப்பதாகச் சொன்ன அம்மா, தினமும் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு விருதுநகர் பஸ் ஏறினாள். பத்து நாள் கழித்து அப்பா இளைத்துப்போய், மெல்ல அடியெடுத்து வைத்து வந்தார். அதன் பிறகு அவர் மூட்டை தூக்கவில்லை. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஆனார்.

தையில் இருக்கன்குடி போனோம். அம்மா மடியிலிருந்து வயிற்றுத் தகட்டை எடுத்தாள்.

"பெருமாளுக்குத்தான் ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரேம்மா, தகடு எதுக்கு?"

"சும்மா இரு புள்ள" என்ற அம்மாவின் குரல் உடைந்தது. "நேர்ந்தா செய்யணும்ல" என்றார் அப்பா.

ஒரு ஆமைக்காக அம்மா இப்படி அழுகிறாளே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. குடலிறக்கம் என்ற வார்த்தையை நான் கேள்விப்பட்டது கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான்.

இதை யாருக்காவது சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள். கூச்சமான இடத்தை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். அந்தத் தகடு ஆமைக்குத்தான் என்று நம்பி, அம்மன் முன்னால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை சிரித்தபடி நின்றதையும் அப்படியே சொல்லுங்கள்.