நம்பர் கேட்ட கம்ப்யூட்டர்

எங்கள் குமாஸ்தா ரெத்தினம் அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய். திருத்துறைப்பூண்டியில் என் வக்கீல் ஆபீசுக்கு அதை வாங்கியபோது என்னைவிட அக்கறையாகப் பார்த்தவர் அவர்தான்.

அரசாங்கக் கலர் டிவி வீடு வீடாக வந்துகொண்டிருந்த வருஷம். இரண்டு கம்பெனிக்காரர்கள் சாஃப்ட்வேரைப் போட்டுக் காட்டினார்கள். ஒன்று, வாய்தா தேதியோடு கட்சிக்காரரின் விலாசத்தை அச்சடித்துக் கொடுக்கும். மற்றது, வாய்தாவுக்கு மூன்று நாள் முன்னால் அவருடைய செல்லுக்குத் தானே மெசேஜ் அனுப்பும்.

இரண்டாவது ஆளிடம் அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "செல்லு இல்லாதவங்களுக்கு?"

"இந்தக் காலத்துல யாரு சார் செல்லு இல்லாம இருக்கா?" என்றான் அவன். நானும் சேர்ந்து சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"விலாசம் அடிக்கிறதே போதும்மா. நம்ம ஆளுங்களுக்குக் கார்டுதான் சரிப்படும்" என்றார் அண்ணன். இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு வாய்தாவுக்கும் தபால் கார்டு எழுதிப் போட்டவர். அவருடைய அப்பா பண்ணையாள். குத்தகை வழக்கு என்றால் அண்ணனுக்கு வேறு எந்த வழக்குக் கட்டும் கண்ணில் படாது.

நான் கேட்கவில்லை. மெசேஜ் அனுப்புவதையே வாங்கினேன். "இனிமே கார்டு கீர்டுன்னு எழுதிக்கிட்டு உக்காராதீங்கண்ணே, பாக்குறவங்க சிரிப்பாங்க" என்றும் சொன்னேன்.

"சரிம்மா" என்றார்.

செல் நம்பர் போடாவிட்டால் அந்த சாஃப்ட்வேர் வழக்கை ஏற்றுக்கொள்ளாது. எல்லா வழக்கையும் அண்ணனே உட்கார்ந்து ஏற்றினார். ஒரு வருஷம் ஒருவர்கூட வாய்தா தவறவில்லை. மற்ற வக்கீல்களிடம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

தை மாதம் அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அடுத்த மாதம் இளையபெருமாளின் வழக்கு. மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்திலிருந்து அவரை வெளியேற்ற நிலத்துக்காரரான மிராசு போட்ட வழக்கு. அவர் சாட்சி சொல்லக் கடைசி வாய்தா. வரவில்லை. அவகாசம் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வெளியேற்ற உத்தரவானது. பத்தாம் நாள் டிராக்டர் இறங்கிவிட்டது.

அன்றைக்கே ஓடிவந்தார் இளையபெருமாள். நான் எரிந்து விழுந்தேன். "எங்க போயிருந்தீங்க? மெசேஜ் வந்துச்சுல்ல?"

"எங்கிட்ட ஏதும்மா செல்லு? எப்பவும் கார்டு வரும், வந்துருவேன். இந்தத் தடவ கார்டு வரலையேம்மா."

பையிலிருந்து கார்டுகளை எடுத்துக் காட்டினார். எழுதக் கூடாது என்று நான் சொன்ன பிறகு எழுதியவை. அண்ணனின் கையெழுத்து.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். இளையபெருமாள் பெயருக்கு நேரே இருந்தது ரெத்தினம் அண்ணனுடைய நம்பர். இன்னும் முப்பத்தாறு வழக்குகளில் அதே நம்பர். செல் இல்லாதவர்களுக்கான மெசேஜைத் தன் செல்லுக்கு வரவைத்து, எனக்குத் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்து கார்டு எழுதியிருக்கிறார்.

அவர் மனைவி ராஜாத்தி அக்காவிடம் போனேன். "அவரே போயிட்டாரு, செல்லு எதுக்குன்னு அணைச்சு வச்சிட்டேன்மா" என்றார். அக்கா மேல் என்ன தப்பு? தப்பெல்லாம் என்னுடையது. அழுதேன்.

அண்ணனின் பையை எடுத்துக் கொடுத்தார் அக்கா. அடுத்த வாய்தாக்களுக்கு முன்கூட்டியே விலாசம் எழுதிய கார்டுகள் அதில் இருந்தன. மேலாக இருந்தது இளையபெருமாளுடையது. தேதி மட்டும்தான் எழுதவில்லை.