ராயபுரத்தில் கட்டில் தட்டிய நாள்

1971, மே மாதம். வெள்ளிக்கிழமை காலை.

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போது மணி ஆறு. திருச்சியிலிருந்து ராத்திரி முழுக்க மூன்றாம் வகுப்புப் பலகையில் வந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. எங்கள் மகள் செலினுக்கு ஏழாம் மாதம். வளையல் போட்டு, வாய்க்கு ருசியாக நாலு சோறு ஊட்டி, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது எங்கள் ஜனங்களின் வழக்கம். அதற்காகத்தான் இந்தப் பயணம். மூன்று டஜன் கண்ணாடி வளையல், ஒரு தூக்கு நிறைய முறுக்கு, திரும்பும்போது மூன்று பேராகத் திரும்புவோம் என்கிற சந்தோஷம், இவ்வளவும் என் கையில் இருந்தன.

எங்கள் வீட்டுக்காரர் கையில் இருந்தது தலையணையோடு படுக்கையைச் சுருட்டிக் கட்டிய அவருடைய ஹோல்டால். ஜவுளிக்கடை மேனேஜர் அவர். இஸ்திரி போட்ட வெள்ளை ஜிப்பா இல்லாமல் தெருவில் இறங்கமாட்டார். சொந்தத் தலையணை இல்லாமல் தூங்கவும் மாட்டார். ஊரான் வீட்டுப் படுக்கையில் என்னென்ன இருக்குமோ என்பார்.

எழும்பூரிலிருந்து ராயபுரம் நாலு மைல். சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு மூன்று ரூபாய் கேட்டார்கள், இரண்டரைக்கு முடிந்தது. வால்டாக்ஸ் ரோடு, மின்ட், பழைய ஜெயில் ரோடு என்று வண்டி போகப் போகக் காற்றில் உப்பும் கருவாடும் கரிப்புகையும் மாறி மாறி வந்தன. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா நைனா, படுக்கையெல்லாம் கட்டிகினு வந்துகீறே? சம்பந்தி வூட்ல ஒரு பாய் குடுக்க மாட்டாங்களா?”

“நீ ரோட்டைப் பார்த்து ஓட்டுப்பா” என்றார் இவர்.

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் நிச்சயம் நுழையமுடியாத, ஏன், ஒரு லாரியே நுழையமுடியாத சந்து அது. இரு பக்கமும் ஓட்டு வீடுகள். சந்தின் கோடியில் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் மரக்கிடங்கு. கப்பலில் வந்து இறங்கும் மரமெல்லாம் அங்கேதான் அடுக்கிக் கிடக்கிறது. இந்தப் பக்கம் சாக்கடை. தேளும் பூரானும் எட்டுக்கால் பூச்சியும் எங்கிருந்து வருகின்றன என்று யாரும் ஆராய்ச்சி செய்யவேண்டிய அவசியமே இல்லை.

சம்பந்தியம்மாள் ரோசம்மாள் வாசலுக்கே ஓடிவந்தார். புருஷனை இழந்தவர். மகன் அந்தோணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். “வாங்க சம்பந்தி, வாங்கம்மா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டவர், ஹோல்டாலைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார்.

“அந்தப் படுக்கைய மட்டும் உள்ள எடுத்துகினு வராதீங்க. வெயில்ல போட்டுட்டு சாயங்காலமா எடுத்துக்கலாம். எங்க சந்துல யார் வந்தாலும் அப்டித்தான். தப்பா நெனச்சிக்காதீங்க.”

இவருக்கு முகம் கறுத்துவிட்டது. “என் தலையணை என்ன, சாக்கடையிலயா கிடந்தது?” என்று கேட்டபடி ஹோல்டாலைத் தூக்கிக்கொண்டு நேரே கூடத்துக்குப் போய்க் கட்டிலில் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பந்தி வீட்டில் கால் வைத்து முழுதாக ஒரு நிமிஷம் ஆகவில்லை!

“சரி சம்பந்தி, உங்க இஸ்டம்” என்றார் ரோசம்மாள்.

அன்று பகல்.

அந்த வீட்டில் குடித்தனம் நடத்துவது ஒரு தனி வித்தை. செலின் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். துண்டை உதறாமல் முகம் துடைக்கக்கூடாது. செருப்பைத் தட்டாமல் கால் நுழைக்கக்கூடாது. அலமாரிக் கால்கள் நாலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கின்றன, எறும்புக்காக. விறகு எடுக்கப்போனால் முதலில் கம்பால் நாலு தட்டு தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் கை வைக்கவேண்டும். போன மாதம் ஒருநாள் தட்டாமல் கை விட்டிருக்கிறாள். கறுப்பாய் ஒரு எட்டுக்கால் பூச்சி முழங்கைக்குக் கீழே கடித்துவிட்டது. மூன்று நாள் கை வீங்கி, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்களாம். தழும்பைக் காட்டினாள். பிள்ளைத்தாய்ச்சி!

“அத்தை மூணு நாளும் தூங்கலைம்மா. என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாங்க” என்றாள்.

கூடத்துச் சுவரில் திருஇருதயப் படம். அதன் பின்னாலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது. நான் சேசு மரி சூசை என்று அலறிவிட்டேன். ரோசம்மாள் சிரித்தார்.

“அது ஒண்ணும் பண்ணாதும்மா. கரப்பான் துன்னுகினு அது பாட்டுக்குக் கீது. விறகுல இருக்கறதுதான் பொல்லாதது.”

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வெள்ளிக்கிழமை, கறி கிடையாது. ஆனால் வஞ்சிரக் குழம்பு அப்படியொரு மணம். குழம்பை இரண்டு தரம் வாங்கி ஊற்றிக்கொண்டு இவர் ஆரம்பித்தார்.

“விஷப் பூச்சியோட குடித்தனம் நடத்தவா நாங்க பெண்ணைக் கொடுத்தோம்? எங்க வீட்டில் ஒரு பூச்சி உண்டா, கேட்டுப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டுப் போயிடறோம். பிள்ளை பிறந்தாலும் உடனே அனுப்பறதா இல்லை.”

அந்தோணி தலை நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். அந்தப் பையன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. ரோசம்மாள் மட்டும், “தாய்வூட்டுக்குப் போறது அவ பாத்தியதை சம்பந்தி, நான் இன்னா சொல்லப்போறேன்” என்று சொல்லி இன்னொரு துண்டு மீனை இவர் இலையில் வைத்தார்.

சனிக்கிழமை காலை.

“சிலந்தி விஷம்! நான் சொன்னேனே!”

இவர் போட்ட சத்தத்தில்தான் எழுந்தேன். கழுத்து, தோள், முழங்கை எங்கும் தடிப்பு தடிப்பாய் இவருக்கு. பக்கத்தில் பாயில் படுத்திருந்த அந்தோணிக்கும் அப்படியே. இவர் ஜிப்பாவை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், ஊரைக் கூட்டாத குறையாக நியாயம் கேட்டார். எதிர்வீட்டு அம்மாள் வந்தார். அடுத்த வீட்டுக்காரர் பல்குச்சியோடு வந்தார். ஒரு பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

“படத்துக்குப் பின்னால விஷப் பூச்சியை வளர்க்கறாங்க! இது வீடா? பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருக்கிற வீடா?”

அப்போது அவருடைய காலரிலிருந்து அது வந்தது. ரத்தம் குடித்துப் பெருத்த மூட்டைப்பூச்சி. வெள்ளை ஜிப்பாவின் மேல், காலை வெயிலில், நிதானமாக மார்புப் பக்கம் இறங்கியது. இவர் பேசிக்கொண்டே இருக்கிறார். பத்துப் பேரும் அதைப் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

ரோசம்மாள் கிட்டே வந்து இரண்டு விரலால் அதை எடுத்துக் கீழே போட்டுக் காலால் தேய்த்தார். பிறகு சந்து ஜனங்களைப் பார்த்துச் சொன்னார்.

“எங்க வூட்டுக் கட்டில்லதான் இருந்திருக்கு. நான் பாக்காம வுட்டுட்டேன். சம்பந்தி மேல தப்பு இல்ல.”

அந்தச் சந்தில் ஒரு நடைமுறை உண்டு. தேள் வந்தால் அடிப்பார்கள், பூரான் வந்தால் துரத்துவார்கள், அதெல்லாம் அவரவர் வீட்டுக் காரியம். மூட்டைப்பூச்சி வந்தால் அது சந்துக்கே பொது. ஒரு வீட்டில் கொன்றால் அடுத்த வீட்டுக்கு ஓடும் என்பதால், எல்லா வீட்டுக் கட்டிலும் ஒரே நாளில் வெளியே வந்தாகவேண்டும். எந்த வீட்டில் வந்ததோ, அந்த வீட்டுப் பெண்பிள்ளை வாசல் வாசலாகப் போய்த் தானே அதைச் சொல்லவேண்டும்.

ரோசம்மாள் போனார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் நின்று, “எங்க வூட்ல மூட்டைப்பூச்சி வந்துட்சிம்மா, கட்டிலை எடுத்துப் போடுங்க” என்றார். ஒரு வீட்டில், “இன்னா ரோசம்மா, நீயா? உன் வூட்லயா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. ரோசம்மாள் சொன்ன பதில் விழவில்லை.

நான் கூடத்துக்கு ஓடினேன். இவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

“இப்பவாவது வாயைத் திறங்க. நம்ம தலையணைன்னு சொல்லுங்க.”

“அவங்களே ஒத்துக்கிட்டாங்களே. ரயிலில் ஏறியிருக்கும். விடு.”

இப்படியும் ஒரு மனுஷன்! சரி, அவர்தான் சொல்லவில்லை, எனக்கு வாய் இல்லையா? வாசல்படி வரைக்கும் போனேன். அத்தனை கண்களையும் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

எட்டு மணிக்கெல்லாம் சந்து முழுக்கக் கட்டில். தரையில் போட்டுத் தட்டுகிறார்கள், கொதிக்கிற தண்ணீரைச் சட்டத்தின் இடுக்கில் ஊற்றுகிறார்கள், கயிற்றில் மண்ணெண்ணெய் தடவுகிறார்கள். யாரும் ரோசம்மாளை ஏசவில்லை. “தள்ளிப் பிடி மாமு, கால்ல ஊத்திக்கப் போறே” என்று சிரிப்பும் கேலியுமாகத்தான் வேலை நடந்தது. நான் அடுக்களையில் உட்கார்ந்து இவருடைய தலையணைத் தையலை அரிவாள்மணையில் பிரித்தேன். தையல் மடிப்பு முழுக்க முட்டையும் குஞ்சும். ஒரு ராத்திரி ரயிலில் ஏறியது அத்தனை குடும்பம் வைக்குமா? அடுப்பில் திணித்துவிட்டேன்.

செலின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நான் வரலை.”

“அப்பா பேசினதை மனசுல வெச்சுக்காதடி.”

“அதில்லைம்மா. கல்யாணமாகி வந்த மறுநாளே, நம்ம வீட்டுலேருந்து கொண்டுவந்த என் மெத்தையிலேயும் இருந்துச்சு. அத்தைதான் பார்த்தாங்க. அன்னிக்கும் எங்க வூட்லதான்னு சொல்லிட்டு வாசல் வாசலாப் போனாங்க. இன்னிக்கு ரெண்டாந்தரம். இன்னிவரைக்கும் அவர்கிட்டகூட சொல்லலை.”

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். மெல்ல விலக்கிக்கொண்டாள்.

“நம்ம வீட்டுல உள்ளறைக் கட்டில்ல என்னைப் படுக்க வைப்பீங்க. பச்சைப் பிள்ளைய அதுல போட என்னால முடியாது. இங்கேயே பெத்துக்கிறேன்.”

ஞாயிறு.

காலைப் பூசை முடிந்து வந்து செலினுக்கு வளையல் போட்டோம். ரோசம்மாள்தான் முதல் வளையல் போட்டார். தாய்க்கு உரிய இடம் அது. நான் கேட்கவில்லை, எந்த முகத்தோடு கேட்பேன்? கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை மன்னிச்சுடுங்க சம்பந்தி” என்றேன். “இன்னாத்துக்கும்மா? கொயந்த பொறந்ததும் தந்தி குடுக்குறோம், வந்து இருங்க” என்றார். ஹோல்டாலை அவரே வெயிலில் காயவைத்து, மடித்துக் கட்டிவைத்திருந்தார். மூன்று பேருக்கென்று நினைத்த ரயிலில் இரண்டு பேராக ஏறினோம்.

திங்கள் காலை, திருச்சி.

வண்டியை விட்டு இறங்கும்போதே பக்கத்து வீட்டு லூர்துமேரி கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “பெண்ணு எங்கே அக்கா?”

“அதையேன் கேட்கறே! எட்டுக்கால் பூச்சி மேயுற வீடு. அவங்க அனுப்ப மாட்டேன்னுட்டாங்க” என்றார் இவர்.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம்.

“பொய் லூர்து. அவங்க அனுப்பத்தான் இருந்தாங்க. எங்க வீட்டுக் கட்டில்ல மூட்டைப்பூச்சி. அதான் எங்க பெண்ணு வரலை” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

இவர் ஹோல்டாலோடு உள்ளே போய்விட்டார். லூர்துமேரி தெருவின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள்.

“மெதுவாப் பேசுங்க அக்கா. எங்க வீட்டுலயும்தான் இருக்கு.”

“அப்ப உன் கட்டிலையும் எடுத்துப் போடு. இன்னிக்கே தட்டிடுவோம்” என்றேன்.

“பட்டப்பகல்லயா? நாலு பேர் பார்ப்பாங்களே அக்கா!” என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.