விஜிதரன் நடாத கம்பு

விஜிதரனைக் கரடியனாறு ஊரில் எல்லோருக்கும் தெரியும். பதினாறு வருடமாக ஆற்று மண் வெட்டி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுகிறவன். நாலு பேர் ஏற்றுகிற பெட்டியை இரண்டு பேராக ஏற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதவன் போல வெற்றிலை போடுவான். ஆள் நல்லவன்தான். ஆனால் அவன் செய்த ஒரு வேலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அதை அவனே என்னிடம் சொன்னான்.

மண் வெட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. குழி வெட்டியவன் போகும்போது அதன் ஓரத்தில் கம்பு நட்டு, ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். ஆறு கலங்கி வந்தால் குழி எது, தரை எது என்று யாருக்கும் தெரியாது.

அனுமதி கிடைத்த எல்லைக்குள் நல்ல மண் முடிந்துபோயிருந்தது. எல்லைக்கு வெளியே, ஊரார் நடந்து கடக்கும் துறைக்குப் பக்கத்தில் பருமணல் குவிந்து கிடந்தது. ஒரு ஞாயிறு காலை அங்கே ஆளுயரத்துக்கு வெட்டி ஏற்றினான். கம்பு நட்டால் அதிகாரிகளிடம் தன்னைத்தானே காட்டிக் கொடுத்ததாகிவிடும். கணுக்கால் தண்ணீர்தானே, குழி பார்வைக்குத் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை மேற்கே மழை கொட்டியது. பின்னேரம் அவன் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருக்க, பக்கத்து வளவு அழகரத்தினம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஆறு பெருகி வருகுது தம்பி. இப்பவே முழங்காலுக்கு மேல."

குழி உடனே நினைவுக்கு வந்தது. இந்தத் தண்ணீரில் யார் இறங்கப்போகிறார்கள் என்று பிடியைத் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகுதான் மனைவி மேனுகாவின் நினைவு வந்தது. அவளும் அடுத்த வீட்டுக் கஜானியும் அக்கரையில் கச்சான் கடலை பிடுங்கப் போயிருந்தார்கள். நாலு மணிக்கு வேலை முடியும். அப்போது மணி நாலேகால். அவளுக்கு அழைத்தான், கைபேசி வீட்டுக்குள்ளேயே அடித்தது. செருப்பும் இல்லாமல் ஓடினான்.

போய்ச் சேரும்போது இரண்டு பெண்களும் கைகோர்த்து ஆற்றில் இறங்கிவிட்டார்கள். கத்தினான். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரில் இறங்கி, விழுந்தெழும்பிப் போய்க் குழியின் இக்கரை ஓரத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டினான். அதுதான் பிழை. ஆள் நிற்கிற இடம் ஆழமில்லாத இடம் என்று பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் ஆறு கடப்பார்கள். அவர்கள் அவனை நோக்கியே திரும்பி நடந்தார்கள்.

குழிக்கு இன்னும் பத்தடி. அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்; அவன் தெரிந்தே விட்டான். தலை மறைந்தது.

பெண்கள் அலறிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். அவன் எப்படியோ தொற்றி எழும்பி, இருமிக்கொண்டு, கையால் வழி காட்டினான். சுற்றி வந்து கரையேறினார்கள்.

"இஞ்ச குழி கிடக்கிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று மேனுகா கேட்டாள்.

"நான்தான் வெட்டினன். கம்பு நடல்ல."

அவள் அவனையே பார்த்தாள்.

"நான் வாறன் எண்டுதானே ஓடி வந்தீங்க. கஜானி தனிய வந்திருந்தா?"

கஜானி அதுவரை மேனுகாவின் பிடியில் இருந்த தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.