ரத்தினசாமி கொடுக்காத சான்றிதழ்

அறிவிப்புப் பலகையில் எந்தக் காகிதம் ஒட்டியிருந்தாலும் ரத்தினசாமி அதைக் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். முதலில் கடைசி வரி, அப்புறம் அதற்கு மேல் வரி. சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செல்லத்துரை இதைப் பார்த்து வந்தான். ஒருநாள் கேட்டே விட்டான்.

"ஏன் சார், எல்லாத்தையும் தலைகீழாப் படிக்கிய?"

"மேல இருக்கறதெல்லாம் வாங்க வாங்கன்னு இருக்குமுங்க தம்பி. நீ வராதேன்னு கடைசி வரியிலதான் எழுதியிருப்பான்."

ரத்தினசாமி தாவரவியல் ஆசிரியர். வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் நிலம் உள்ள குடும்பம். செல்லத்துரை ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அந்த லயத்தில் முதல் பட்டதாரி, வரலாற்றுத் துறையில் தற்காலிக ஆசிரியர். தற்காலிகம் என்ற சொல் அவன் முதுகில் எப்போதும் உட்கார்ந்திருந்தது.

1975 ஜூனில் பலகையில் அந்தக் காகிதம் வந்தது. சிறுதொழில் தொடங்க ஓராண்டுச் சான்றிதழ் வகுப்பு, மாலை நேரம், பல்கலைக்கழகமே சான்றிதழ் தரும். அதைக் காட்டினால் வங்கி சொத்து ஜாமீன் கேட்காமல் கடன் கொடுக்கும். கடைசி வரி: வணிகவியல் மாணவர்களுக்கு மட்டும்.

ரத்தினசாமி நேராக வணிகவியல் தலைவர் மத்தியாஸின் அறைக்குப் போனார். செல்லத்துரையும் பின்னால் போனான்.

"செடிக்குப் பேர் வைக்கிற உங்க பிள்ளைகளுக்கு வியாபாரம் எதுக்கு ரத்தினசாமி?" என்றார் மத்தியாஸ், சிரித்துக்கொண்டே.

"சந்தையில விக்கிறதெல்லாம் செடியும் மாடுந்தானுங்களே. உங்க பசங்க இதுவரைக்கும் ஒரு கத்திரிக்காயாவது விளைவிச்சிருக்காங்களா?"

"கணக்கு எழுதத் தெரியணும்."

"கணக்கு எழுதறவன் கணக்குப்பிள்ளை. கடை போடறவன் வேறங்க."

அன்று மாலையே அவர் புதிய திட்டம் எழுத உட்கார்ந்தார். எந்தப் பாடம் படித்தாலும் சேரலாம். நான்கு மாதம் வகுப்பு, எட்டு மாதம் சொந்தமாக ஒரு தொழில், முடிவில் நேர்முகத் தேர்வு. பதினான்கு பக்கத்தையும் செல்லத்துரை தட்டச்சு செய்தான். ரத்தினசாமி பல்கலைக்கழகத்துக்கு ஐந்து முறை பஸ் ஏறினார். கோப்பு மேலே போயிருக்கிறது என்று நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். கடன் வாங்கவா போனார், பிச்சை எடுக்கவா போனார்? படித்த பிள்ளைகளுக்கு ஒரு கதவைத் திறக்கச் சொன்னார். அதற்கு அத்தனை பெஞ்சு, அத்தனை காத்திருப்பு. ஐந்தாம் முறை, ஓராண்டுச் சோதனையாகப் பன்னிரண்டு பேரைச் சேர்க்க அனுமதி வாங்கி வந்தார்.

பன்னிரண்டில் ஒரே பெண் பழனாத்தாள், தாவரவியல் இரண்டாம் ஆண்டு. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று. "பேங்க்காரன் உன்ற பேருக்குக் கடன் குடுத்தான்னா மாப்பிள்ளை ஊட்டுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று அப்பா ஒரு வார்த்தை விட்டிருந்தார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, அவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவள் எடுத்த தொழில் மாடு. மெலிந்த சினை மாட்டை வாங்கி, தீனி போட்டுத் தேற்றி, கன்று போடுவதற்கு முன் விற்பது. வேலந்தாவளம் சந்தையில் மாட்டு விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் துண்டுக்கடியில் கையைக் கோத்து, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. ஒரு பெண்ணின் விரலை எந்தத் தரகர் பிடிப்பார்?

பழனாத்தாள் ஒரு துணிப்பை தைத்தாள். அதில் ஆமணக்குக் கொட்டை ஒன்று நூறு ரூபாய், புளியங்கொட்டை ஒன்று பத்து ரூபாய் என்று கணக்கு. அவள் தன் விலையைப் போட்டுப் பையை நீட்டுவாள். தரகர் கையை விட்டுத் தடவிப் பார்த்து, கூட்டுவார், குறைப்பார். முதல் வாரம் சந்தையே சிரித்தது.

"அம்மிணி, பையில கொட்டையா, தேளா?" என்று ஒரு தரகர் கேட்டார்.

"கையை உட்டுப் பாருங்க மாமா. கொட்டுனா தேளு."

மூன்றாம் வாரம் அவரே பை எங்கே என்று தேடிக்கொண்டு வந்தார். எட்டு மாதத்தில் ஆறு மாடு வாங்கி ஆறையும் விற்றாள்.

1976 டிசம்பரில் நேர்முகத் தேர்வு. மத்தியாஸும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒருவரும் கேள்வி கேட்டார்கள். ரத்தினசாமி ஓரமாக உட்கார்ந்திருந்தார். குறிப்பு எழுதியவன் செல்லத்துரை. முதலில் வந்த பையன் மாமாவின் மளிகைக் கடைப் பேரேட்டை அப்படியே நகல் எடுத்து, தன் தொழில் என்று மேசைமேல் வைத்தான். அழகான கையெழுத்து. முதல் வகுப்பு.

அடுத்து பழனாத்தாள். அவள் கையில் இருந்த ஒரே காகிதமான சந்தைச் சுங்கச் சீட்டில் எத்தனை மாடு என்றுதான் இருக்கும், விலை இருக்காது.

"முதல் மாட்டை என்ன விலைக்கு வாங்கினாய்?" என்றார் வந்தவர்.

அவள் ரத்தினசாமியைப் பார்த்தாள். பிறகு, "அதைச் சொல்லக் கூடாதுங்க சார். வித்தவருக்கும் எனக்கும் உள்ளதுங்க" என்றாள். கொஞ்சம் யோசித்து, பையை எடுத்துச் சரியான கொட்டைகளைப் போட்டு அவர் முன் நீட்டினாள். "கையை உட்டுப் பாருங்க."

வந்தவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "என்ன, வித்தை காட்டுகிறாயா?"

அவள் அவமதிக்கவில்லை. தனக்குத் தெரிந்த மிக மரியாதையான முறையில் பதில் சொல்லியிருந்தாள். இன்று விலையை வாய்விட்டுச் சொன்னால் அடுத்த வாரம் அந்தப் பைக்குள் யார் கையை விடுவார்கள்? தொழில் ரகசியம் என்று மத்தியாஸே ஒரு பாடம் நடத்தியிருந்தார். அது பி.காம் புத்தகத்தில் இருந்தால் பாடம், மாட்டுச் சந்தையில் இருந்தால் திமிர்.

இது தெரிந்த ஒரே ஆள் ரத்தினசாமி. சந்தைக்கு நடுவே வளர்ந்தவர். விலை கேட்பார்கள், அவள் சொல்ல மாட்டாள் என்று அவருக்கு முன்கூட்டியே தோன்றவில்லை. மூச்சு விடுவதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லையே, அப்படி. "எனக்குத் தோணவே இல்லீங்களே தம்பி. விலையை ஒரு கவர்ல ஒட்டிக் குடுத்திருந்தாப் போதுமே" என்று பிறகு திரும்பத் திரும்பச் சொன்னார்.

செல்லத்துரையின் குறிப்பில் அந்த இடத்தில் ஒரே வரி: 'விலையைச் சொல்ல மறுத்தாள்.' பையை நீட்டியதை அவன் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? தோட்டத்துக்காரனுக்கு அந்த வழக்கம் தெரியாது என்பது பாதி உண்மை. ஏப்ரலில் தன் வேலையைப் புதுப்பிக்கும் குழுவில் மத்தியாஸ் இருப்பார் என்பது மீதி.

சந்தை வழக்கத்தை ரத்தினசாமி எடுத்துச் சொல்லியும் மத்தியாஸ் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார். "இவளைத் தள்ளிவைத்துவிட்டு மற்ற பதினோரு பேரையும் தேர்ச்சி போடலாம். வகுப்பு எல்லோருக்கும் நிரந்தரமாகும். இவளுக்காக நின்றால் மொத்தக் கோப்பும் நின்றுவிடும்."

ரத்தினசாமி முடிவுத் தாளைக் கீழிருந்து மேலாகப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"சம்மதிச்சிட்டியளா சார்?" வெளியே வந்ததும் செல்லத்துரை கேட்டான்.

"பதினோரு பேரு இருக்காங்க தம்பி. இனி வர்றவங்க இருக்காங்க."

"அவளை வித்துட்டியளே."

அவர் கல்லூரி வாசலில் நின்றிருந்த பழனாத்தாளிடம் போனார். "அம்மிணி, ஒரு வருசத்துக்குள்ள மறுதேர்வு வெக்கச் சொல்றேன். உன்ற சர்டிபிகேட்டை உன்ற கையில குடுக்காம நான் இந்தக் காலேஜை உட்டுப் போகமாட்டேன்."

"அப்பா வைகாசி வரைக்குந்தான் பொறுப்பாருங்க சார்" என்றாள் அவள்.

வைகாசி வந்தது. கல்யாணமும் நடந்தது.

ரத்தினசாமி மறுதேர்வுக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் இல்லை. இரண்டாவது கடிதம் எழுதவில்லை. கோப்பைக் கிளறினால் திறந்த கதவு மூடிவிடுமோ என்ற பயம். அது நியாயமான பயமாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை அவர் கொடுக்கவில்லை, அவள் கொடுத்தாள். செல்லத்துரைக்கு அவர்மேல் கோபம் வரும்போதெல்லாம், வேலை நிரந்தரமான தன்மேலும் அதே கோபம் வந்தது. அவனாவது இரண்டாவது கடிதம் எழுதியிருக்கலாம்.

1979 மார்ச்சில் ரத்தினசாமி ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள். அந்த ஆண்டு வகுப்பில் நாற்பத்தாறு பேர். தமிழ், வரலாறு, விலங்கியல், எல்லாப் பாடமும். இத்தனைக்கும் காரணம் இவர்தான் என்று மத்தியாஸே மேடையில் புகழ்ந்தார். ரத்தினசாமி பதிலுரையில் எல்லோருக்கும் நன்றி சொன்னார். பழனாத்தாள் பெயரைச் சொல்லவில்லை. அந்த நவம்பரில் இறந்துபோனார்.

பல்கலைக்கழகப் பதிவேட்டில் முதல் அணியின் பன்னிரண்டாவது பெயருக்கு நேரே தேர்ச்சி என்றும் இல்லை, தோல்வி என்றும் இல்லை. 'முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று இருக்கிறது. இன்றும் அப்படியே இருக்கிறது.