சல்லடையின் அரை நொடி

பாட்டில் தொழிற்சாலையில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். யார் வைத்தது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பழச்சாறு நிரப்பப்போகும் காலி பாட்டில்கள் ஓர் ஒளிப்பலகைக்கு முன்னால் வரிசையாக நகர்ந்து போகும். அதற்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, விரிசல் விட்டது, வாய் உடைந்தது, உள்ளே அழுக்குப் படிந்தது எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும், உட்கார்ந்து பார்த்தால் தெரியும் சங்கதி. இருபது நிமிடம் தாண்டினால் கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. அதனால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடித்து ஆளை மாற்றுவார்கள். பத்தொன்பது வருஷமாக அந்த முக்காலியில் அவள் உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறாள்.

அங்கே ஒரு விதி உண்டு. சந்தேகப்பட்டு எடுத்த பாட்டிலை அப்படியே கழிவுத் தொட்டியில் போட்டுவிடக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குறை நிஜம்தானா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். புதிதாக வந்த வேக வரிசையில் மட்டும் அதற்கு நேரம் கிடையாது. அங்கே இரண்டு பேர். ஒருத்தி எடுத்துத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டுவாள், இன்னொருத்தி வாங்கிப் பார்ப்பாள். சல்லடைக்கு அந்த வரிசையைக் கண்டாலே ஆகாது. தன் கண்ணால் பார்க்காத எதையும் அவள் முடிந்ததாகவே நினைக்க மாட்டாள்.

இந்தக் குணத்தை வேலை கொடுத்ததா, குணத்துக்கு ஏற்ற வேலை அமைந்ததா என்று சொல்வது கஷ்டம். பதினெட்டு வயதில், ஆறு வயதுத் தம்பியைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வரும்போதே, தெருமுனையில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பாள். இன்றைக்கும் வீட்டைப் பூட்டினால் பூட்டை ஓர் இழுப்பு. அடுப்பை அணைத்தால் மறுபடி ஓர் எட்டிப் பார்வை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள்.

"எல்லாத்தையும் ரெண்டு தடவை பாக்கற. என்னை மட்டும் எப்படி ஒரே தடவை பாத்துட்டுச் சரின்னு சொன்ன?" என்று கேட்பார் அவள் கணவர். சொந்தமாக முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார்.

"அன்னைக்கு எனக்கு அவசரம்" என்பாள் அவள்.

துப்பாக்கி விளையாட்டுக்கு அவளை இழுத்துவிட்டவன் அந்தத் தம்பிதான். இப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது, பார்சல் கிடங்கு ஒன்றில் வேலை. கல்யாணமாகித் தனி வீடு போனபோது, கம்ப்யூட்டர் வைக்க அங்கே இடமில்லாமல் அதை அக்கா வீட்டிலேயே விட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை வந்து விளையாடுவான். ஒருநாள் பின்னால் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தவள், "டேய், அந்த ஜன்னல்ல ஒருத்தன் இருக்கான் பாரு" என்றாள். "எங்க?" என்று அவன் கேட்பதற்குள் திரையில் அவன் கதை முடிந்தது. மூன்று முறை இப்படியே நடந்தது. நாலாவது முறை அவன் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டான்.

"உக்காருக்கா. இது உன் வேலைதான்."

இந்த மாதிரி விளையாட்டில் ஐந்து பேருக்கு எதிரே ஐந்து பேர். ஒரு பக்கம் குண்டை வைக்க வரும், மறுபக்கம் இரண்டு நிமிடம் அதைத் தடுக்கும். நேரம் தீர்ந்தால் தடுத்தவர்களுக்கு வெற்றி. மறைந்து நின்று தூரத்திலிருந்து குறிவைக்கும் ஸ்னைப்பர் என்றதும் எல்லோரும் பாய்ந்து பாய்ந்து சுடுகிற வீரனை நினைத்துக்கொள்கிறார்கள். சுத்த அபத்தம். தடுக்கிற பக்கத்து ஸ்னைப்பருக்குப் பாய்ச்சலே ஆகாது. ஒரே ஒரு சந்துப் பாதையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். காயம்பட்டு ஓடுகிறவனைத் துரத்தக் கூடாது. ஒருத்தனை விழ வைத்தால் போதும், ஐந்து பேர் நாலு பேராகிவிடுவார்கள், கடிகாரமும் நம் பக்கம் நிற்கும். பதறாத காரியம் சிதறாது என்பது இவர்களுக்காகவே சொன்னது போலிருக்கும். இதெல்லாம் அவளுக்குக் கைவந்த கலை. ஓடிப் போன பாட்டிலைத் துரத்தினால் அடுத்த மூன்று தப்பும் என்று அறிந்தவளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வராதது ஒன்றே ஒன்றுதான். அந்தத் துப்பாக்கியில் ஒரு தடவை சுட்டால் அடுத்த குண்டு ஏற ஒன்றரை நொடி ஆகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரிதான். சுட்ட உடனே, பட்டதா படவில்லையா என்று பார்க்காமல் இடத்தை மாற்றிவிட வேண்டும். சல்லடை பார்ப்பாள். விழுந்தானா என்று ஒரு தடவை, அரை நொடி. அந்த அரை நொடியில் பின்னால் வருகிறவன் அவளை முடித்துவிடுவான்.

தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் இடையே சனிக்கிழமைகளில் நடக்கும் இந்த விளையாட்டுப் போட்டிகளில், சல்லடை ஆடும் பாட்டில் அணிக்குக் கேப்டன் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் ஒரு பெண். இருபத்தேழு வயது, குரல் கிடங்கின் அந்தக் கோடிவரை கேட்கும். "சுட்டா திரும்பிடுங்கக்கா!" என்று அவள் கத்தாத வாரம் கிடையாது. இறுதி ஆட்டத்துக்கு நாலு நாள் முன்னால் சாப்பாட்டு அறையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டில் கையை வைத்தபடி சாப்பிடாமல் இருந்தாள்.

"ஆய்வுக்கூடத்துல புதுசா ஒருத்தன் வந்திருக்கான்க்கா. கை ரொம்ப வேகம். ஸ்னைப்பர் சீட் கேக்கறான்."

சல்லடை பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். அவள் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டது குறைவு. தம்பிக்கு, வீட்டுக்கு என்று ஓடிய கால்கள் அவளுடையவை. நாற்பத்தெட்டு வயதில் கிடைத்த அந்த நாற்காலி அவளுக்கே அவளுக்கானது. அதை இழக்க அவளுக்குத் துளியும் மனசில்லை. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"ஃபைனல் நான் ஆடறேன். என்னால தோத்தா நானே எழுந்துக்கறேன். நீ சங்கடப்படாத."

இறுதி ஆட்டத்தில் எதிரணி பார்சல்காரர்கள். அதற்குக் கேப்டன் சாட்சாத் தம்பி.

செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் மையம். நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்பு, இந்தப் பக்கம் ஐந்து திரை, அந்தப் பக்கம் ஐந்து திரை. பார்வையாளர்களுக்குச் சுவரில் ஒரு பெரிய திரை. மதியம் இரண்டு மணி. கணவர் கடையைச் சாத்திவிட்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார். விளையாட்டு அவருக்குச் சுட்டுப்போட்டாலும் புரியாது. யார் விழுந்தாலும் கை தட்டிவிட்டு, "செத்தது நம்மாளா?" என்று பக்கத்தில் கேட்பார்.

முதலில் ஒன்பது சுற்று எடுக்கிறவர்களுக்குக் கோப்பை. பக்கத்துக்கு எட்டுச் சுற்று, பிறகு பக்கம் மாற வேண்டும். பாட்டில்காரர்கள் முதலில் தாக்கி, ஐந்துக்கு மூன்று என்று முன்னால் போனார்கள். பிறகு தடுக்கும் முறை வந்தது. சல்லடை மாடி ஜன்னலில் இருந்து நீளச் சந்தைப் பார்த்து நின்றாள்.

தம்பி அக்காவை அறிந்தவன். ஒருத்தனைத் தெரிந்தே முன்னால் அனுப்பினான். அவள் சுட்டாள், அவன் விழுந்தான், விழுந்தானா என்று அவள் பார்த்தாள். பின்னாலேயே நின்ற தம்பி அவளைச் சுட்டான். அடுத்த சுற்றும் அப்படியே. அதற்கடுத்ததும். நாலாவது முறை அவள் விழுந்தபோது கணவர் பலமாகக் கை தட்டினார். ஐந்துக்கு ஏழு. தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது, அதில் தம்பியின் சிரிப்பைத் தனியாகப் பிரித்தெடுக்க அவளால் முடிந்தது.

அணிக்கு ஒரு இடைவேளை உண்டு, ஒரே ஒரு நிமிடம். கேப்டன் அதைக் கேட்டு வாங்கினாள்.

"அக்கா, அவங்க உங்களைச் சுடலை. நீங்க பாக்கறதைச் சுடறாங்க."

"தெரியுது. கழுத்து திரும்ப மாட்டேங்குதே, நான் என்ன பண்ணட்டும்? பாக்காம விட்டா எடுத்த பாட்டில் கையிலயே இருக்கற மாதிரி இருக்கு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தன் கண்ணை விட முடியாவிட்டால் என்ன, இன்னொரு கண்ணை வைத்துக்கொள்ளலாமே. அவளுக்குப் பிடிக்காத அந்த வேக வரிசை கண் முன்னால் வந்து நின்றது.

"நீ தண்ணித் தொட்டிக்குப் பின்னால நில்லு. அங்கிருந்து இதே சந்து தெரியும். நான் எடுக்கறேன், பின்னால நீட்டறேன். நீ வாங்கிப் பாரு. விழுந்தானா இல்லையான்னு நீ சொல்லணும்."

கேப்டனும் பாட்டில் தொழிற்சாலைக்காரி அல்லவா, பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

அடுத்த சுற்றில் சல்லடை சுட்டாள், உடனே ஜன்னலை விட்டு விலகினாள். கழுத்து இழுத்தது. "விழுந்தான்!" என்றது காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் கேப்டனின் குரல். தம்பியின் குண்டு வெறும் ஜன்னல் சட்டத்தில் பட்டது. அவள் கீழ்ப் படிக்கட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். மூன்று சுற்றுகள் இப்படித் தண்ணி காட்டினாள். எட்டுக்கு ஏழு. கடைசிச் சுற்றில் பார்சல்காரர்கள் வேறு வழியாகப் புகுந்து எடுத்துவிட்டார்கள். எட்டுக்கு எட்டு. இன்னும் ஒரே ஒரு சுற்று, நாணயம் சுண்டியதில் தடுக்கும் பக்கம் இவர்களுக்கே வந்தது.

அந்தச் சுற்றில் ஆட்கள் மளமளவென்று விழுந்தார்கள். இந்தப் பக்கம் சல்லடையும் கேப்டனும். அந்தப் பக்கம் தம்பியும் இன்னொருத்தனும். இருபது நொடி பாக்கி. இன்னொருத்தன் சந்தில் தலை காட்டினான். சுட்டாள், விலகினாள். "விழுந்தான்!"

இனி தம்பி மட்டும். நேரம் கரைகிறது, அவன் சந்தைக் கடந்தே ஆக வேண்டும். அவள் படிக்கட்டுக் கதவோரம் ஒதுங்கி நின்றாள். வந்தான். மாடி ஜன்னலை நோக்கித் துப்பாக்கியை உயர்த்திக்கொண்டு, ஒரு கணம் அப்படியே நின்றான். அவள் சுட்டாள். சுட்டதும் முகத்தைத் திருப்பி இருட்டுப் படிகளுக்குள் போய்விட்டாள்.

காதில் குரல் வரவில்லை.

ஒரு நொடி. பத்தொன்பது வருஷமும் அதற்கு முந்தைய வருஷங்களும் சேர்ந்து அவள் கழுத்தைப் பிடித்துத் திருப்பப் பார்த்தன. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தாள்.

"அக்கா..." மூச்சை விட மறந்திருந்த கேப்டனின் குரல் உடைந்து வந்தது. "விழுந்துட்டான்க்கா. விழுந்துட்டான்."

கணவர் கை தட்டவில்லை. "இப்ப யாரு, நம்மாளா?" என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லை என்று தெரிந்ததும் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். கேப்டன் சல்லடையைக் கட்டிக்கொண்டாள்.

"ஆய்வுக்கூடத்துப் பையனுக்கு வேற சீட் பாக்கறேன்க்கா. இது உங்களுது."

தம்பி தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தான். முகத்தில் பாதி சிரிப்பு, பாதி ரோஷம்.

"நீ பாக்கவே இல்லையேக்கா."

"பாக்கலை."

"நீ ஜன்னல்ல நிப்பேன்னு நம்பி நின்னேன். சின்ன வயசுல ஸ்கூல் வாசல்ல நிக்கற மாதிரி. நீ தெருமுனைல திரும்பிப் பாக்காம நான் ஒரு நாள்கூட உள்ள போனதில்ல, தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரியாது. அவன் உள்ளே போய்விட்டானா என்று பார்க்கத்தான் அவள் திரும்பியதே. அவன் ஏன் எப்போதும் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறான், மந்தமோ என்றுகூட அந்தக் காலத்தில் கவலைப்பட்டிருக்கிறாள்.

கீழே தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. கோப்பையைக் கணவர் தூக்கிக்கொண்டார், செருப்புக் கடைக்காரரிடம் காட்டினார். தம்பி பைக்கில் ஏறி வண்டியைக் கிளப்பினான். "வரேன்க்கா" என்றான். அவளும் கணவரும் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள்.

பின்னால் வண்டி உறுமிக்கொண்டே இருந்தது, நகரவில்லை. "பெட்ரோல் தீந்துடும், இவன் ஏன் கிளம்பாம நிக்கறான்?" என்றார் கணவர்.

தெருமுனைக்கு வந்ததும் அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். பைக் கிளம்பியது.